துரையின் துண்டும் அரசாங்க மருந்தும்

நமது நாட்டின் வைத்தியசேவை உலகத்தார் வியந்து பேசும் ஒன்று. குறைந்த செலவில் நல்ல சுகாதாரத்தைக் கண்ட இடங்கள் எவை என ஆராய்ந்து 1985 ஆம் ஆண்டில் றொக்பெல்லர் நிறுவனத்தார் வெளியிட்ட அறிக்கையிலே சீனம், கேரளம், கொஸ்தாரிக்கா ஆகியவற்றோடு இலங்கையும் இடம்பெற்றது. அந்தப் புகழ்ச்சியிற் பிழையில்லை. 1946 இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 1947 இல் அத்தொகை 101 ஆயிற்று. ஒரே ஆண்டில் ஆயிரத்துக்கு நாற்பது உயிர்! இன்று அவ்வீதம் பத்துக்கும் கீழே நிற்கிறது. செல்வம் கொழித்த நாடுகள் பல தலைமுறைகளாக முயன்று அடைந்ததை ஓர் ஏழை நாடு இத்துணை விரைவில் அடைந்ததெனின், மலேரியா ஒழிப்பும், இலவசக் கல்வியும், இலவச வைத்தியமும், வீடு வீடாக நடந்து சென்ற மருத்துவமாதின் கால்களும் அதற்குக் காரணமாயின.

ஆயினும் அந்தக் கால்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. தோட்டத்து எல்லைக் கல்லே அவ்விடம்.

2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியோர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்திலோ 31.7. ஏறக்குறைய மூன்று பிள்ளைகளில் ஒன்று. குன்றுதல் ஒரே நாளில் நேர்வதில்லை. தாயின் வயிற்றிலே தொடங்கி, தாயின் தாய் உண்டதையும் உண்ணாததையும் கூடத் தன்னுள் சுமந்து வருவது அது. காரணம் கேட்டால் நமது கனவான்கள் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருக்கிறார்கள். தோட்ட மக்கள் அறியாதவர்கள், குடிப்பவர்கள், பூசாரியிடம் போவார்களேயன்றி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்கள். இந்த விடைக்கு வயது நூற்றைம்பதுக்கு மேல். கோப்பிக் காலத்துத் துரைமார் சொன்னதும் இதுவே. நோயாளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையில் நின்றவர் யார் என்ற கேள்வியை மட்டும் அவர்கள் கேட்டதில்லை. அதைத்தான் நாம் இங்கே கேட்க விரும்புகிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நீரில்லாத வழி, நிழல் இருந்த இடத்தில் காய்ச்சல் இருந்தது. வாந்திபேதியும் அம்மையும் அவர்களோடு கூடவே நடந்தன. 1841 முதல் 1848 வரையிலான காலத்தில் வந்தவர்களுள் ஏறக்குறைய எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கலாம் என்று 1849 இல் கொழும்புப் பத்திரிகையொன்று கணித்தது. துரைமார் அதனை மறுத்தனர். கணக்கு மிகையாகவே இருக்கட்டும். மறுத்தவர்களிடம் மாற்றுக் கணக்கு ஒன்றும் இருக்கவில்லை. வந்தவர் எத்தனை என எண்ணியவர்கள், செத்தவர் எத்தனை என எண்ணுவதற்கு ஒரு குமாஸ்தாவையும் வைத்திருக்கவில்லை.

1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தச் சட்டம் இரு முகங்களைக் கொண்டது. நோயுற்ற தொழிலாளிக்கு உறைவிடமும் உணவும் மருந்தும் எசமான் அளிக்கவேண்டும் என்றது ஒரு முகம். அனுமதியின்றி வேலைக்கு வராதவன் குற்றவாளி, அவனைச் சிறைக்கு அனுப்பலாம் என்றது மற்றொரு முகம். இவ்விரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் தோட்ட வைத்தியத்தின் பிறப்பு விளங்கும். பிரட்டுக்களத்துக்கு வராமல் லயத்துக் காம்பராவிற் படுத்திருப்பவன் நோயாளியா, குற்றவாளியா? தீர்ப்புச் சொல்பவன் வைத்தியன் அல்லன். முதலிற் கங்காணி, பின்னர் துரை. நோய் என்பது உடம்பில் இருப்பது போதாது, துரையின் வாயிலிருந்தும் வரவேண்டியதாயிற்று.

அரசாங்கம் தலையிட்டது 1872 இல். கிறெகரி தேசாதிபதியின் காலம். தோட்டப் பகுதிகளை வைத்திய மாவட்டங்களாகப் பிரித்து, துரைமாரின் குழுக்களிடமே பொறுப்பைக் கொடுத்து, ஏக்கர்க் கணக்கில் வரி தண்டி ஆஸ்பத்திரி நடத்துவது என்பது ஏற்பாடு. சில ஆண்டுகளிலேயே அது படுத்துவிட்டது. தம் பணத்தைச் செலவிடும் பொறுப்பைத் தம்மிடமே விட்டால் அதைச் செலவிடாமற் காப்பாற்றுவதுதானே வியாபாரியின் இயல்பு! 1880 இல் வந்த மாற்றத்தின்படி, ஏற்றுமதியாகும் தோட்ட விளைபொருளின் மேல் தீர்வை விதித்து, அப்பணத்தில் அரசாங்கமே ஆஸ்பத்திரிகளையும் மருந்துச் சாலைகளையும் நடத்தத் தலைப்பட்டது. மலைநாட்டுப் பட்டினங்களில் நாம் இன்று காணும் பழைய அரச ஆஸ்பத்திரிகள் பலவற்றின் தோற்றம் இதுவே.

இனி 1912 இன் சட்டங்கள். தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றி ஒன்று, தொழிலாளரிடையே பரவும் நோய்கள் பற்றி ஒன்று என இரண்டு இயற்றப்பட்டன. அவற்றைப் படிப்பவர் எவரும் முதலில் மகிழ்ச்சியே அடைவர். லயங்களைச் சுத்தமாக வைத்திருப்பது துரையின் கடமை. நோய் கண்டவுடன் அறிவிப்பது துரையின் கடமை. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது துரையின் கடமை. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கொடுத்து, வேலைக்கு அழைக்காதிருப்பது துரையின் கடமை. அக்காலத்தில் நமது கிராமத்துக் கமக்காரனின் மனைவிக்கு இப்படியொரு சட்டம் இருக்கவில்லை என்பதும் மெய்யே. ஆனால் வாக்கியந்தோறும் எழுவாயாக நிற்பது யார் எனப் பாருங்கள். எல்லாவற்றிலும் துரையே செய்கிறவன், தொழிலாளி செய்யப்படுபவன். அனுப்பும் கடமை ஒருவனுக்கு உண்டு. போகும் உரிமை மற்றவனுக்கு இருந்ததா என்றால், அதைப்பற்றிச் சட்டம் பேசவில்லை. மேலும் தானே மருந்துச் சாலை வைத்திருக்கும் தோட்டத்துக்குத் தீர்வையில் ஒரு பகுதி திருப்பித் தரப்பட்டது. எனவே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைவிட, ஒரு டிஸ்பென்சரை அமர்த்தி, மூன்று போத்தல்களில் மூன்று நிற மருந்து கலக்கி வைப்பது இலாபமாயிற்று.

ஆஸ்பத்திரியைக் கண்டு தொழிலாளி அஞ்சினான் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அஞ்சினான்தான். வேலை செய்யக்கூடியவனை அனுப்ப மனமின்றி, இனி உதவான் என்று கண்ட பின்னரே அவனைக் கம்பளியிற் கட்டித் தூக்கி அனுப்பினார்கள். அப்படிப் போனவன் பிணமாகாமல் வேறென்ன ஆவான்? போனவர் திரும்பாத இடத்துக்கு இருப்பவர் போகத் தயங்குவது மூடநம்பிக்கையாகாது. கண்ணாற் கண்டதிலிருந்து பெற்ற அறிவு அது.

கொழுக்கிப்புழுவின் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். 1916 இல் மாத்தளைத் தோட்டங்களில் றொக்பெல்லர் நிறுவனத்தார் அப்புழுவை ஒழிக்கும் முயற்சியைத் தொடங்கினர். பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. மலம் கலந்த மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர் பாதத்தின் வழியே உடம்பினுள் ஏறி, இரத்தத்தை உறிஞ்சி, உரமான ஆளையும் சோகை பிடித்தவனாக்குவது இப்புழு. துரைமார் மருந்தை வரவேற்றனர். மருந்துண்டவன் கூடுதலாக வேலை செய்வான் அல்லவா? மலகூடம் கட்டச் சொன்னபோதுதான் அவர்களுக்குச் செலவு நினைவுக்கு வந்தது. மருந்துண்டவன் மீண்டும் அதே மண்ணில் நடந்தான். மீண்டும் புழு ஏறிற்று. மருந்து கொடுப்பது மட்டும் வைத்தியம் ஆகாது, இருப்பிடத்தையும் நீரையும் மலகூடத்தையும் மாற்றுவதே முதல் வைத்தியம் என்ற பாடத்தை இலங்கை இங்கேதான் கற்றது எனலாம். 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. வைத்திய அதிகாரி, சுகாதாரப் பரிசோதகர், மருத்துவமாது என்று ஒரு குழு, நோய் வருமுன் வீட்டுக்குப் போவது அதன் முறை. அந்த முறையே நாடெங்கும் பரவி நமது புகழுக்குக் காரணமாயிற்று. பாடம் கற்பிக்க உடம்பைக் கொடுத்தவன் தோட்டத் தொழிலாளி. கற்ற பாடம் போய்ச் சேர்ந்ததோ கிராமத்துக்கு. தோட்டத்துள் நுழைவதற்குத் துரையின் இசைவு வேண்டும் என்பதே நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது.

இனி வாக்குரிமைக்கு வருவோம். வைத்தியத்தைப் பற்றி எழுதப் புகுந்து அரசியலுக்குப் போவதேன் என்று சிலர் கேட்கக்கூடும். நமது நாட்டிலே ஆஸ்பத்திரி வாக்கின் பின்னாலேயே வந்தது என்பதே விடை.

1931 இல் வயதுவந்தோர் வாக்குரிமை கிடைத்தது. 1934 – 35 இல் பெருமலேரியா வந்து ஏறக்குறைய எண்பதினாயிரம் உயிர்களைக் கொண்டு போயிற்று. கேகாலையிலும் குருநாகலிலும் வீடுகள் வெறுமையாயின. சூரியமல் இயக்கத்து இடதுசாரி இளைஞர்கள் மருந்தும் பருப்பும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். மக்கள் செத்துக்கொண்டிருக்கும் தொகுதியில் மீண்டும் வாக்குக் கேட்டு நிற்கவேண்டிய அரசாங்க சபை உறுப்பினர்கள், எங்கள் பகுதிக்கு ஒரு மருந்துச் சாலை, எங்கள் பகுதிக்கு ஒரு பிரசவ விடுதி என்று போட்டியிட்டுக் கேட்கலாயினர். கேட்டவர்களுக்குக் கிடைத்தது. இது குறை கூறத்தக்கதன்று. குடியாட்சி பயன்பட்ட விதம் அது.

தோட்டத்து மக்களுக்கு டொனமூர் அரசியலமைப்பின்கீழ் வாக்குரிமை பல நிபந்தனைகளோடுதான் கிடைத்தது. அதைக் கொண்டே 1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றம் புகுந்ததும் அப்பொழுதே. அடுத்து நடந்ததை வாசகர் அறிவர். 1948 இல் பிரசாவுரிமைச் சட்டம். 1949 இல் தேர்தல் திருத்தச் சட்டம். அரசாங்க ஆஸ்பத்திரிகளிற் கட்டணம் ஒழிக்கப்பட்டு, வைத்தியம் எல்லார்க்கும் இலவசம் எனப்பட்ட ஆண்டு 1951. அதற்கடுத்த 1952 தேர்தலில், மலையகத்தின் பெரும்பாலான தொழிலாளரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. இலவச வைத்தியம் இந்நாட்டின் வாயிலைத் திறந்த அதே வேளையில், அதனைத் தம் வாயிலுக்கு வரவழைக்கும் ஒரே கருவியை இம்மக்கள் இழந்து நின்றார்கள்.

இவர்களை ஆஸ்பத்திரியிற் சேர்க்கக்கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அது தேவைப்படவுமில்லை. 1912 இன் ஏற்பாடு இருக்கிறதே, தோட்டத்தாரைத் தோட்டம் பார்த்துக்கொள்ளும் என்பதோடு அரசின் கடமை முடிந்தது. கிராமத்துக்கு மருத்துவமாது, தோட்டத்துக்குத் தோட்டத்து மருத்துவச்சி. கிராமத்துக்குச் சுகாதாரப் பரிசோதகர். தோட்டத்துக்குத் துரையின் மனச்சாட்சி. இவ்வளவுக்கும் இலவச வைத்தியத்துக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது? ஐம்பதுகளில் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தேயிலை, றப்பர், தெங்கு ஆகியவற்றிலிருந்தே கிடைத்தது. கொழுந்து கிள்ளியவளின் விரல்களே கிராமத்து ஆஸ்பத்திரிக்குக் கூரை வேய்ந்தன.

வாசகர் ஒரு கொழுந்துக்காரியின் காலைப்பொழுதை எண்ணிப் பார்க்கட்டும். விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, பிரட்டுக்குப் போகவேண்டும். டிஸ்பென்சரி திறக்கும் நேரமும் மலைக்கு ஏறும் நேரமும் ஒன்றே. மருந்துக்குப் போனால் அன்றைய பேர் போகும். தாமதித்து வந்தால் அரைப்பேர் விழும். டிஸ்பென்சரோ பல தோட்டங்களில் முறையான வைத்தியப் பதிவு இல்லாதவர். தோட்டத்திற் சம்பளம் வாங்குகிறவர். காய்ச்சல் என்று அவர் எழுதினால் துரைக்கு ஓர் ஆள் குறையும்; ஒன்றுமில்லை என்று எழுதினால் அவருக்கு ஒரு தொல்லை குறையும். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மைல் கணக்கில் மலைப்பாதை. லொறி துரையுடையது, அது புறப்படத் துரையின் துண்டு வேண்டும். கடன் தீர்ந்ததற்குச் சான்றாகத் தொழிலாளியின் கழுத்திற் கட்டப்பட்டிருந்த பழைய துண்டு முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நோய்க்குரிய துண்டை ஒழிக்க ஒரு சட்டமும் வரவில்லை.

அங்கே போய்ச் சேர்ந்தால் மொழி குறுக்கே நின்றது. 1956 இன் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் அரச சேவை எம்மொழியில் நடந்தது என்பதை நாம் விரிக்கவேண்டியதில்லை. வயிற்றுக்குள் என்ன செய்கிறது என்று தன் மொழியிற் சொல்ல முடியாத தாய், கையால் வயிற்றைத் தொட்டுக் காட்டி மருந்து வாங்கிக்கொண்டு, போத்தலில் ஒட்டிய எழுத்தைப் படிக்க முடியாமல் லயத்துக்குத் திரும்பினாள். 1987 இல் தமிழும் அரசகரும மொழியெனச் சட்டப் புத்தகத்தில் ஏறிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து மருந்துப் போத்தலுக்கு உள்ள தூரம் சிறியதன்று.

1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கு பிரித்தனர். எஞ்சிய 150,000 பேர் 1974 இல் சமபாதியாக்கப்பட்டனர். நாளை கப்பலேறப் போகிறவனுக்கு இன்று எதற்குக் கிணறு, எதற்கு மலகூடம் என்ற எண்ணம் இக்காலத்தில் அதிகாரிகளுக்கு வசதியாக வாய்த்தது. 1971 இல் ஆஸ்பத்திரி வெளிநோயாளருக்கு இருபத்தைந்து சதக் கட்டணம் விதிக்கப்பட்டு, 1977 இல் நீக்கப்பட்டது. இருபத்தைந்து சதந்தானே என்றார்கள். அச்சிறு தொகைக்கே நாடெங்கும் ஆஸ்பத்திரிக்கு வருவோர் கணிசமாகக் குறைந்தனர். அப்படியாயின், ஒரு நாட் சம்பளத்தையே கட்டணமாகச் செலுத்தி மருந்துக்குப் போன தோட்டப் பெண்ணின் தயக்கத்தை அறியாமை என்று எப்படிச் சொல்வது?

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. வெள்ளைத்துரை போனார். இனி அரசாங்கத் தோட்டத்துக்கு அரசாங்க வைத்தியம் வரும் என்று நம்பியவர்கள் உண்டு. நம்பிக்கைக்கு முன் பஞ்சம் வந்தது. 1973 – 74 இல் மாவும் அரிசியும் தட்டுப்பட்டபோது, கிராமத்தான் மரவள்ளியை நட்டுப் பிழைத்தான். ஒரு முழ நிலமும் தனதில்லாத தோட்டத்தான் பட்டினி கிடந்தான். அவ்வாண்டுகளிற் சிசு மரணம் நாடு முழுவதும் உயர்ந்தது; தோட்டத்தில் அது உயர்ந்த வேகம் பயங்கரமானது. பின்னர் எழுபதுகளின் இறுதியிலிருந்து, வெளிநாட்டு உதவியோடு தோட்டக் கூட்டுத்தாபனங்கள் தாய்சேய் நலத்துக்கும் பிள்ளைக்காம்பராக்களுக்கும் நீருக்கும் செய்த வேலையால் சிசு மரணம் விரைந்து குறைந்தது. செய்தால் நடக்கும் என்பதற்கு அது சான்று. ஆனாலும் ஒரு வேடிக்கையை நாம் கவனிக்கவேண்டும். தோட்டமும் அரசாங்கத்துடையது, ஆஸ்பத்திரியும் அரசாங்கத்துடையது. எனினும் ஒன்று பெருந்தோட்ட அமைச்சின்கீழ், மற்றது சுகாதார அமைச்சின்கீழ். எல்லைக் கல் அசையவில்லை. துரையின் நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தார். துண்டு எழுதும் பேனா அதே மேசையில் இருந்தது.

ஒரு சேவை மட்டும் மலையேறி வருவதற்குத் தயங்கவில்லை. 1980 முதல் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோருக்கு அரசாங்கம் ஊக்கப்பணம் வழங்கியது. தோட்டப் பெண்களிடையே அச்சிகிச்சை செய்துகொண்டோர் தொகை மிக உயர்ந்தது. அவர்களுட் பலர் விரும்பியே செய்திருக்கலாம். பற்று முழுவதும் கடனாய்க் கழியும் வீட்டில் விருப்பம் எது, பணம் எது என்று பிரித்தறிவது எளிதன்று. காய்ச்சலுக்குக் கிடைக்காத லொறி இதற்குக் கிடைத்ததைப் பெண்கள் மறக்கவில்லை.

1992 இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. சுகாதாரமும் வீடும் ஒரு தனி நிதியத்தின் பொறுப்பாயின. தொண்ணூறுகளில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசு பொறுப்பேற்பதென்று தொடங்கிச் சிலவற்றை ஏற்றது. பல நடுவழியில் நின்றன. 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாற் பிரசாவுரிமைப் பிரச்சினை தீர்ந்தது. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தில், சபையின் பணம் தோட்டத்துள் செலவாகாதபடி தடுத்திருந்த 33 ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்டது. முப்பத்தோராண்டுகள், தோட்டத்தான் வாக்களித்துத் தெரிந்த சபைக்குத் தோட்டத்துப் பாதையில் ஒரு கல் போட அதிகாரமில்லாதிருந்தது. அந்தப் பாதையிலேதான் பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கி வந்தார்கள்.

நடந்த நன்மைகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. இன்று தோட்டப் பிரசவங்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியிலேயே நடக்கின்றன. தடுப்பூசி பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அரசாங்க மருத்துவமாது பல தோட்டங்களுக்குள் வருகிறார். தமிழ் தெரிந்தவர் போதாமை இன்னும் இருக்கிறது. மலையகத்துப் பிள்ளைகளே வைத்தியராகவும் தாதியாகவும் வந்திருக்கிறார்கள். ஆனால் நமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளுள் சுகாதாரம் இன்றுவரை இடம்பெறவில்லை. இலவச வைத்தியம் என்பது வழக்கத்தாலும் வாக்கின் வலிமையாலும் காக்கப்படுவது. குரல் உள்ளவனுக்கு அது உரிமைபோல் நிற்கிறது, குரல் இல்லாதவனுக்குத் தயவுபோல் வந்து போகிறது.

2022 இல் நாடு பணமின்றித் திண்டாடியபோது, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்தது. வெளியே கடையில் வாங்கும்படி நோயாளரிடம் துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம், 2021 இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட ஆயிரம் ரூபாய். அதனையும் முழுதாகப் பெறுவதற்குக் கொழுந்து நிறை காட்டவேண்டியிருந்தது.